யன்னலும் செவியும்

யன்னல் என்று நம் நாவிலே பழகிவிட்ட சொல் போர்த்துக்கேயரின் ‘ஜனேலா’ என்பதன் திரிபு. அவர் கொட்டியாரக் குடாவுக்கு வருமுன்னர் தமிழர் வீடுகளுக்கு யன்னலே இருந்ததில்லையோ என்று மாணவனொருவன் வகுப்பிலே வினவினான். நல்ல வினா! சிலப்பதிகாரத்தைத் திறந்து காட்டினோம். ஆங்கே ‘காலதர்’ உண்டு; ‘சாளரம்’ உண்டு. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ‘பலகணி’யோ சுவருக்குப் பல கண்களை வைத்துப் பார்த்த சொல்.

மேலைநாட்டார் ‘பெனெஸ்ட்ரா’ என்னும் இலத்தீன் சொல்லினின்று ‘பெனெஸ்ட்ரேசன்’ என்பதைப் பிறப்பித்து இரு தொழிலாளர்க்குப் பகிர்ந்தளித்தனர். கட்டடக் கலைஞனுக்கு அது சுவர்களிலே யன்னல்களை அமைக்கும் முறை. சத்திரவைத்தியனுக்கோ உடலினுள்ளே புதியதொரு துளை திறத்தல். நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே இயற்கையே இரு பலகணிகளை வைத்துள்ளது. அவற்றுள் நீள்வட்டமானதிலே ஏந்தியுரு எனும் சிற்றென்பு அசையாது இறுகிவிட்டால் ஒலி உட்புகாது. யூலியஸ் லெம்பேட் என்னும் அமெரிக்க வைத்தியர், அரைவட்டக் கால்வாயொன்றின் என்பிலே வேறொரு துளையிட்டு ஒலிக்கு வழிதிறக்கும் முறையை 1938ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1956இல் ஜோன் ஷே அச்சிற்றென்பையே அகற்றிச் செயற்கை உறுப்பைப் பொருத்தியதன்பின் அது மெல்ல வழக்கொழிந்தது.

இவற்றை நாம் நூலாசையாற் கற்றோமல்லோம். 2006 ஏப்ரலில் சம்பூர்மீது விமானங்கள் குண்டு வீசியபோது எமது அன்னையாரின் செவிகள் கெட்டன. பல்லாண்டு கழித்து அவரைப் பரிசோதித்த வைத்தியரிடம் லெம்பேட்டின் கதையைக் கூறி, வழியுண்டோ என்று கேட்டோம். உட்செவியே சிதைந்துவிட்டது, எந்த யன்னலைத் திறந்தும் பயனில்லை என்றார்.

ஊரார் கிளிவெட்டி முதலிய முகாம்களிலே ஏறத்தாழப் பத்தாண்டு கிடந்தனர். தகரக் கொட்டிலுக்குக் காலதர் ஏது? 2015இலும் 2016இலும் காணிகள் மீண்டன. எமது வளவிலே அத்திவாரமும் ஒரு சுவரும் எஞ்சி நின்றன. அச்சுவரிலே யன்னல் இருந்த இடம் வெறுந்துளையாய்க் கிடந்தது. சட்டத்தைப் பெயர்த்தவர் எவரோ!

புதிய வீட்டுக்கு வரைபடம் வேறெங்கோ வரையப்பட்டு வந்தது. ஏழையின் வீட்டிலே யன்னல் எந்தப் பக்கம் இருக்கவேண்டுமென்று தீர்மானிப்பவர் ஒருநாளும் அவ்வீட்டிலே உறங்கப் போகிறவரல்லர். பத்திரகாளி அம்மன் கோயிலை நோக்கிய சுவர் அதிலே முற்றாக மூடியிருந்தது. கல் அடுக்கத் தொடங்கிய அன்று அன்னையார் வந்து சுவரைத் தொட்டுக் காட்டினார்.

“தம்பி, இந்தப் பக்கத்தை அடைச்சுப் போடாதேங்கோ. கோயில் மணி வாற பக்கம்.”

மேசன் எம்மைப் பார்த்தார். நாம் வரைபடத்தை மடித்து வைத்தோம். நிலைமரத்துக்குக் கையிலே பணமில்லை. ஆகவே சீமெந்துத் துளைக்கற்கள் ஆறு வாங்கிப் பதித்தோம். மாலைப் பூசை வேளையிலே, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அன்னையார் அதன்கீழே பாயை விரித்து அமர்கின்றார்.