பெயர் கடைசியில் வரட்டும்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பூநாரையில்தான் தொடங்குவார்கள். எனக்குக் கற்றுத் தந்தவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேதாரண்யத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் 'சார்'. முதல் நாளே என் பறவைக் கையேட்டை வாங்கித் தன் வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். "பூநாரையைக் காட்ட நான் எதுக்கு? சின்னதைப் பாரு தம்பி." அவர் காட்டிய சேற்றுத் திட்டில் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கலந்து நின்றன. எனக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

பைனாகுலர் பிடிபடவே பல வாரங்கள் ஆயின. பறவையைக் கண்டதும் குனிந்து கருவியைப் பார்ப்பேன். தூக்கிக் கண்ணில் வைத்தால் வானம் தெரியும், உப்புக் குவியல் தெரியும், பறவை இருக்காது. "பறவை மேலிருந்து கண்ணை எடுக்காதே. கருவி கண்ணுகிட்ட வரட்டும்" என்பார். வலக்கண் குழலில் டயாப்டர் என்றொரு வளையம் உண்டு. இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே அளவு இருப்பதில்லை என்பதற்காக வைத்தது. வலப்பக்கத்தை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கிவிட்டு, பிறகு இடப்பக்கத்தை மூடி இந்த வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். விரலுக்குக் கொஞ்சம் இறுக்கமாகவே திரும்பும். அளவு தப்பினால் சிறிது நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். வலிக்காத இடம் கிடைத்த அன்று அதில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

"என்ன பறவை?" என்று சார் கேட்டதே இல்லை. "என்ன செய்யுது?" என்றுதான் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். பெயர் சொல்லிப் பாராட்டு வாங்கத்தானே வந்திருந்தேன்! சிவந்த காலைத் தேடித் தேடிப் பவளக்காலியைக் கோட்டைவிட்டேன். சேற்றில் நடக்கும் பறவையின் கால் சேற்று நிறத்தில்தானே இருக்கும். அது எழுந்து பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை தெரிய, அப்போதுதான் சார் வாய் திறந்தார்: "இப்ப எழுது."

நோட்டில் நடையை எழுதச் சொன்னார். உப்புக்கொத்தி ஓடும், சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். அதற்குக் கண் பெரிது. பார்த்துத்தான் இரை எடுக்கிறது. கொசு உள்ளான் குனிந்த தலையை நிமிர்த்துவதே அபூர்வம். சேற்றைக் கொத்திக்கொண்டே நகரும். ஒரு தை மாதக் காலை, வெயில் ஏறி உப்பளத்தின் மேல் கானல் எழுந்து நிறமெல்லாம் கரைந்துவிட்டது. கிளம்பலாமா என்று திரும்பினேன். "இப்பத்தான் பார்க்கணும்" என்றார். நடுங்கும் நிழல்களாகத்தான் தெரிந்தன. ஓடி நிற்பது எது, நகர்ந்துகொண்டே இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வந்துவிட்டது. கையேடு அன்று மாலையே திரும்பக் கிடைத்தது.

எண்ணுவதில் பட்ட பாடு இதைவிடப் பெரிது. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு என்னைத் தயார்ப்படுத்த நினைத்தார். ஒவ்வொன்றாக எண்ணுவேன். எண்பதைத் தாண்டும்போது முன்னால் நின்றவை பின்னால் போயிருக்கும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன், கூட்டம் பறந்துவிடும். கடைசியில் "முந்நூறு இருக்கும் சார்" என்றேன். அவர் எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொரு பறவை மேலும் புள்ளி வைத்து எண்ண வைத்தார். இருமடங்குக்கும் மேல் இருந்தது. நெருக்கமான கூட்டத்தைக் கண் குறைத்துத்தான் மதிப்பிடும் என்றார். பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் முறத்தில் அரிசியைச் சிதறவிட்டு, ஒரு பார்வையில் எத்தனை என்று கேட்பார். (தரையெல்லாம் அரிசி என்று அவர் மனைவியிடம் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.) பத்தை மட்டும் எண்ணி, அது அடைக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்தி, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்த வேண்டும். பத்து உள்ளான் அடைக்கும் இடமும் பத்து நெடுங்கால் உள்ளான் அடைக்கும் இடமும் வேறு. இதையும் தப்புச் செய்துதான் கற்றேன்.

பருவங்களை அவர் தனிப் பாடமாக நடத்தவில்லை, அழைத்துப் போனார், அவ்வளவுதான். ஆவணியில் முதல் கூட்டங்கள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஏறிவிட, குட்டைக்காலிகளுக்கு நிற்க இடமின்றிக் கலைந்துபோகும். நீர் வற்றிச் சேறு வெளிப்பட்டதும் திரும்பக் கூடும். பங்குனியில் அதே சாம்பல் பறவைகளில் சில செங்கல் நிறமாகிக்கொண்டிருந்தன. கர்லூ சேண்ட்பைப்பர் அது. கோடையில் எல்லாம் போய்விட்டன என்று நான் நினைத்திருக்க, வெறும் மணலில் முட்டையிட்டிருந்த உப்புக்கொத்தியைக் காட்டினார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுதும் வாழும் அந்தச் சிறு பறவையை 2023இல்தான் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்து, அனுமன் ப்ளோவர் என்று பெயர் வைத்தார்கள்.

சார் என்னைக் கடிந்துகொண்டது ஒரே முறை. பங்குனியில், இன்னும் நாலடி என்று முன்னேறிப் போய்க் கூட்டத்தையே எழுப்பிவிட்டேன். இளவயதில் அவர் இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளுக்கு வளையம் மாட்டியபோது உதவிக்குப் போனவர். கொசு உள்ளானைக் கையில் ஏந்தினால் இருபது, முப்பது கிராம்தான் இருக்குமாம். மார்பு இறகை ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். ஆர்க்டிக் வரை பறக்க அதுதான் எரிபொருள். "அதைத்தான் நீ இப்ப செலவழிக்க வெச்சே" என்றார்.

வனத்துறை அனுமதியோடு தை, மாசியில் வாருங்கள், காலை ஒன்பதுக்கு முன் வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். படத்துக்காகக் கூட்டத்தை மட்டும் எழுப்பிவிடாதீர்கள்.