பாயும் மோட்டாரும்

கிங்ஸ் சர்க்கிளில் குடியிருக்கும் நமக்குக் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் கடல் நம்மை நன்கு அறியும். மழைக்காலத்தில் பெருமழையும் கடலின் உயர் ஓதமும் ஒரே நேரத்தில் கூடிவிட்டால், வடிகால் நீர் இறங்க வழியின்றிக் காந்தி மார்க்கெட்டு வாசலில் முழங்கால் அளவுக்கு நிற்கும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்கே மறந்தவர் எவருமிலர். ஆதலின் மழைக்காலம் வந்துவிட்டால் நம்மவர் காலைக் காப்பியோடு செய்தித்தாளில் ஓத நேரத்தையும் பார்த்துக் கொள்வது வழக்கம். நாமும் முப்பது ஆண்டுகளாக அவ்வாறு பார்த்து வந்தவரே. அங்ஙனம் பார்த்துப் பழகியும், பார்க்க வேண்டிய நாளில் அரைகுறையாகப் பார்த்து அல்லலுற்ற கதையை அன்பர்களுக்கு இங்கே கூறப் புகுகின்றோம்.

செம்பூரில் நமக்கு நண்பர் ஒருவர் உண்டு. வணிகக் கப்பல்களில் பொறியாளராக உழைத்து ஓய்வு பெற்றவர். நம்மைப் போலவே தூத்துக்குடிக்காரர். அவரிடம் பதினாறு அடி நீளமுள்ள சிறு பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. மழைக்காலம் கழிந்தபின் விடுமுறை நாட்களில் அதனை மும்பைத் துறைமுக நீரில் செலுத்துவார். துணைக்கு நம்மையும் அழைப்பார். நம் பாட்டனார் கொழும்புக்குச் சென்று வந்த தோணிகளில் கணக்கெழுதியவர். அந்த உறவைச் சொல்லிக் கொண்டு நாமும் மாலுமி போல் நடந்து கொள்வோம்.

காற்றை நம்பிய படகுக்குக் காற்று நின்றால் கதியில்லை. துடுப்பு வலிப்பதற்கு நம் தோள்களில் பழைய வலுவும் இல்லை. பெட்ரோல் எந்திரத்தின் ஓசையும் புகையும் நண்பருக்கு ஆகா. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் 'டிரோலிங் மோட்டார்' எனப்படும் சிறு மின்சார மோட்டாரை வாங்கிப் படகின் பின்புறத்தில் மாட்டினார். ஏரியில் தூண்டிற் கயிற்றை இழுத்தவாறு மெல்ல ஊர்ந்து மீன் பிடிப்பவர்களுக்கென்று செய்யப்பட்ட கருவி அது. 1934இல் அமெரிக்காவின் பார்கோ நகரில் ஷ்மிட் என்பவர், போர்டு மோட்டார் வண்டியைக் கிளப்பும் சிறு மோட்டாரை எடுத்து அதில் ஒரு சுழல்விசிறியைப் பூட்டி இவ்வகையைத் தொடங்கி வைத்தார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1881இல், பாரிஸ் நகரத்து செய்ன் ஆற்றில் குஸ்தாவ் துருவே என்பவர் கழற்றி மாட்டத்தக்க மின்மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டியிருந்தார். நம் நாட்டிலும் 2017 முதல் கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறும் 'ஆதித்யா' என்னும் படகைச் சூரிய ஒளியின் மின்சாரத்தால் ஓட்டத் தொடங்கினார்கள். எனவே மின்சாரப் படகு வெறும் விளையாட்டுப் பொருள் அன்று.

நண்பரின் மோட்டார் 55 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ எடையளவு விசையோடு நீரைத் தள்ளும். முழு வேகத்தில் 12 வோல்ட்டு பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 50 ஆம்பியர் மின்சாரத்தை உண்ணும். பேட்டரியோ 100 ஆம்பியர் மணி கொள்ளும் ஈயப் பேட்டரி. "இரண்டு மணி நேரம் ஓடுமே!" என்று நாம் மகிழ்ந்தோம். நண்பர் சிரித்தார். ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். விரைந்து வடித்தால் அது தரும் மொத்த மின்சாரமும் குறையும். ஆகவே முழு வேகத்தில் ஒரு மணி நேரம் கூட உறுதியில்லை என்றார். மற்றொன்றும் சொன்னார். நீரில் வேகத்தை இரு மடங்காக்க ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். மெல்லச் செல்பவன் நெடுந்தொலைவு செல்வான். விரைபவன் வழியில் நிற்பான். இவற்றையெல்லாம் நாம் தலையசைத்துக் கேட்டோம். கேட்டதற்கும் கொண்டதற்கும் எவ்வளவு தொலைவு என்பது பின்னர் விளங்கிற்று.

சென்ற தை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு ஞாயிறன்று, நம் பன்னிரண்டு வயதுப் பேரனையும் உடன் அழைத்துக் கொண்டு எலிபெண்டாத் தீவுப் பக்கம் போய் வரத் திட்டமிட்டோம். வீட்டில் மின்னேற்றி வைத்திருந்த பேட்டரி சுமார் முப்பது கிலோ எடை. அதனை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி டாக்சியில் ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. "மோட்டார் படகுக்கா, உங்களுக்கா?" என்று இல்லாள் வினவினாள். பேரனைப் பார்த்து மட்டும், "சட்டையைக் கழற்றாதேடா கண்ணா" என்று உயிர்காப்புச் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். 2024 டிசம்பர் 18ஆம் நாள் எலிபெண்டாவுக்குச் சென்ற பயணிகள் படகு, கடற்படையின் விரைவுப் படகு மோதி மூழ்கியதிலிருந்து அவள் நெஞ்சில் அச்சம் குடியேறியிருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். காற்று அசையவில்லை. ஓதம் ஏறிக் கொண்டிருந்ததால் நீரோட்டம் நாம் செல்லும் திசைக்கே துணையாக இருந்தது. பேரன் சுக்கானைப் பிடித்தான். நாம் மோட்டாரை முழு வேகத்தில் முடுக்கினோம். நண்பர், "அண்ணாச்சி, பாதி போதும்" என்றார். கரையிலுள்ள கட்டடங்கள் பின்னோக்கி ஓடுவதைக் கண்டு பேரன் கைதட்டினான். அந்தக் கைதட்டலுக்கு நாம் அடிமையானோம். ஐம்பது நிமிடம் அப்படியே ஓட்டினோம். வேகத்தில் பாதிக்கு மேல் நீரோட்டம் அளித்த நன்கொடை என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

நண்பகலுக்குப் பின் வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது. மோட்டாரை நீருக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டுப் பாய் விரித்தோம். அது அருமையான பொழுது. மூன்று மணிக்குத் திரும்பினோம். ஐந்து மணிக்குக் கரை மேற்கே ஒரு மைல் தொலைவில் தெரிந்தது. அந்த இடத்தில் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கிற்று.

"மோட்டார் இருக்கிறதே" என்று இறக்கினோம். படகின் முகத்தைத் துறைக்கு நேராகத் திருப்பி முழு வேகம் கொடுத்தோம். நீர் படகின் இரு புறமும் சலசலத்தது. ஆனால் கரையிலிருந்த ஒரு நீர்த்தொட்டி நகராமல் நின்றது. சிறிது நேரத்தில் அது வடக்கே நகர்வது போலத் தோன்றிற்று. நகர்ந்தது தொட்டியன்று, நாம். பௌர்ணமியை ஒட்டிய ஓதம் மும்பையில் மிகப் பெரிது. பகல் பன்னிரண்டரைக்கு ஏறி முடிந்த நீர் அப்போது முழு விசையோடு வெளிக்கடலை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தது. காலையில் ஓத நேரத்தைப் பார்த்த நாம், போவதற்கு அது துணை என்பதை மட்டுமே பார்த்தோம். வருவதற்குப் பகை என்பதைப் பார்க்கவில்லை. நம் மோட்டாரோ, அசையாத நீரில் ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தையே தரவல்லது.

இருபது நிமிடம் போராடினோம். மோட்டாரின் குரல் தாழ்ந்தது. தெற்கே கொலாபா முனைக்கு அப்பால் பிராங்ஸ் கலங்கரை விளக்கமும் அதற்கப்பால் திறந்த கடலும் கிடந்தன. பேரன் ஒன்றும் பேசவில்லை. படகின் விளிம்பைப் பற்றியிருந்த அவன் கைவிரல்கள் வெளுத்திருந்தன. அதனைக் கண்டதும் நமக்கு வயிற்றில் நெருப்பு வைத்தாற்போல் ஆயிற்று.

"அண்ணாச்சி, மோட்டாரை நிறுத்துங்கள்" என்றார் நண்பர்.

"நிறுத்தினால் அடித்துக் கொண்டு போய்விடுமே!"

"நிறுத்துங்கள். நங்கூரத்தைப் போடுவோம்."

கப்பல் செல்லும் ஆழ்வழிக்கு நாம் புறம்பே இருந்தோம். அங்கே ஆழமும் மிகுதியில்லை. நங்கூரம் இறங்கிக் கயிறு விறைத்தது. படகு ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றது. அவ்வளவுதான். இருபது நிமிடமாக மோட்டாரால் ஆகாத காரியத்தை ஓர் இரும்புத் துண்டு செய்து முடித்தது. நம் பாட்டனார் காலத்துத் தோணிகளில் எந்திரம் கிடையாது. காற்று மாறும்வரை தண்டல் நங்கூரமிட்டுக் காத்திருப்பார் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதனைக் கோழைத்தனம் என்றுகூடச் சிறு வயதில் எண்ணியதுண்டு.

கதிரவன் மறைந்தான். நண்பர் கைவிளக்கைப் பாய்மரத்தில் உயரக் கட்டினார். எலிபெண்டாவிலிருந்து திரும்பிய பயணிகள் படகுகள் விளக்கொளியுடன் கடந்து சென்றன. பேரன் அப்போதுதான் வாய் திறந்தான்.

"தாத்தா, மோட்டார் கெட்டுப் போய்விட்டதா?"

'ஆம்' என்று சொல்லிவிட ஆசைதான். மோட்டார் மறுத்துப் பேசப் போவதில்லை. ஆனால் நண்பர் நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"இல்லையப்பா. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் உன்னை மகிழ்விக்க வேண்டும் என்று மின்சாரத்தையெல்லாம் வீணாக்கியவர் தாத்தா. திரும்பும்போது நீர் எதிராக ஓடும் என்று எண்ணாதவரும் தாத்தாவே" என்றோம்.

அவன் சற்று நேரம் சிந்தித்தான். "அப்படியானால் தண்ணீர் நின்றவுடன் போகலாம், இல்லையா?" என்றான். அவன் விரல்கள் விளிம்பை விட்டிருந்தன.

ஏழு மணிக்குச் சற்று முன்னதாக நங்கூரக் கயிறு தளர்ந்தது. இறங்கிய நீர் ஓய்ந்தது. ஓய்வு கொடுத்திருந்ததால் பேட்டரியும் சிறிது தேறியிருந்தது. மோட்டாரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, நாமும் நண்பரும் மாறி மாறித் துடுப்பு வலித்தோம். மணி எட்டு ஆகுமுன் கரை சேர்ந்தோம். முழு வேகத்தில் எட்டாத கரை, மெல்ல ஊர்ந்தபோது எட்டியது. வீட்டுக்கு வந்ததும் நடந்ததை மறைக்காமல் இல்லாளிடம் சொன்னோம். அன்றிரவு நமக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதுவதற்கில்லை.

அதன்பின் மூன்று விதிகள் வகுத்துக் கொண்டோம். புறப்படுமுன் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் ஓதம் பார்ப்பது முதலாவது. பேட்டரியில் செலவிடத்தக்க மின்சாரத்தை மூன்று பங்காக்கி, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, எதிர்பாராத இடருக்கு ஒன்று என்று வைப்பது இரண்டாவது. கரை சேர்ந்ததும் உப்பு நீர் அரிக்காதபடி மோட்டாரை நன்னீரில் கழுவுவது மூன்றாவது. காற்றும் ஓதமுமே படகை நடத்துவன. மோட்டார் துறையருகே கடைசிச் சிறு தொலைவுக்குக் கைகொடுக்க வந்தது. அதன் அளவறிந்து வேலை வாங்கினால் அதைப் போல் நல்ல துணை வேறில்லை.

இந்த மூன்று பங்குக் கணக்கு நமக்குப் புதிதன்று. ஒரு தகரப் பெட்டியுடன் இந்நகருக்கு வந்த நம் தந்தையார், முதல் மாதச் சம்பளத்தில் வாடகைக்கும் உணவுக்கும் எடுக்குமுன், ஊருக்குத் திரும்பும் இரயில் கட்டணத்தைத் தனியே முடிந்து வைத்தார். நம் வாசகர் குடும்பங்கள் பலவற்றிலும் அப்படி ஒரு முடிச்சு இருந்திருக்கும். பெரும்பாலோர் அதனை அவிழ்க்கவே நேரவில்லை. ஆனால் அது பெட்டியின் அடியில் இருக்கிறது என்ற துணிவில்தான் அவர்கள் இந்தப் பெரும் நகரில் கால் ஊன்றினார்கள். சென்ற வாரம் பேரன் பேட்டரியின் மேல் ஒரு தாளை ஒட்டியிருப்பதைக் கண்டோம். மூன்று கட்டங்கள் வரைந்து, மூன்றாவது கட்டத்தில் 'தாத்தா தொடக்கூடாது' என்று எழுதியிருக்கிறான். அதனை நாம் கிழிக்கவில்லை.