பழைய கேமராவும் எங்கள் பொழுதும்

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்து யாரும் யோசித்ததில்லை. பொழுது கையில் இருப்பவனுக்குத்தானே அதைப் போக்குகிற கவலை? திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்படும் வரைக்கும் பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். சட்டம் வந்த பிறகும் விடியலும் அந்தியும் நிலக்காரனுக்குத்தான் சொந்தமாக இருந்தன. மழை பெய்து வேலை நின்றால் அது ஓய்வு இல்லை, பட்டினி. ஆகவே திருவட்டாற்றில் ஒரு சாம்பவர் குடியிருப்பிலிருந்து ஒருத்தி, கூலியும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு சும்மா இறங்கி நடக்கிறாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒருத்தி நான்தான். எதற்காக நடக்கிறேன் என்று கேட்டால், எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் நடக்கிறேன்.

எங்க பாட்டிக்கு ஆயுசு முழுக்க ஒரே ஒரு படம்தான் இருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்த படம். 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டை வேண்டுமென்று சொல்லியிருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது. அவள் செத்தபோது அந்த அட்டையை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். வந்த படத்தில் பாட்டி சிவப்பாக இருந்தாள். முகத்தின் சுருக்கத்தையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, அவள் ஒருநாளும் உடுத்தாத பட்டுச்சேலையையும் ஒட்டியிருந்தார்கள். பெட்டியும் கடவமும் முடைந்து காய்ப்பேறிய கைகள் படத்துக்குள் வரவேயில்லை. மாலை போட்டுக் கும்பிட்டோம். ஆனால் அது எங்க பாட்டி இல்லை.

எங்களை யாரும் படமே எடுத்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று 8 தொகுதிகளை வெள்ளைக்காரர்கள் போட்டார்கள். சாதிக்கும் குலத்துக்கும் ஒரு படம் என்று கணக்கு. 1909இல் எட்கர் தர்ஸ்டன் 7 தொகுதிகள் கொண்டுவந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அந்தப் படங்களில் மனிதர்கள் விறைத்து நிற்கிறார்கள். படத்தின் அடியில் சாதிப் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இன்றைக்கும் செய்தித்தாளில் எங்கள் படம் வருகிறது. குடிசை எரிந்தால் வரும், யாரையாவது வெட்டிப்போட்டால் வரும், மலக்குழியில் விழுந்து செத்தால் வரும். அன்றைக்கு மாதிரி, இன்றைக்குச் சாட்சி. சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிற எங்களை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

என் கேமராவின் கதைக்கு வருகிறேன். எம்.ஏ. தமிழ் முடித்து, இயக்க வேலை என்று அலைந்துகொண்டிருந்த நாளில் புதுக் கேமராவின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. மார்த்தாண்டத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஒரு அண்ணன் தன் பழைய நிக்கான் டி3100ஐ ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்தார். 2010இல் வந்த மாடல். “இது இப்ப ஆருக்கும் வேண்டாம் பிள்ளே” என்றார். எனக்கு வேண்டும். 14.2 மெகாபிக்சல். 15 அங்குலத்துக்கு 10 அங்குலம் அச்சுப்போட்டாலும் தெளிவு கெடாது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அதைவிடப் பெரிய படம் எதற்கு?

பிறகு ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ் வாங்கினேன், எஃப் 1.8 டி. அந்த லென்சுக்குள்ளும் மோட்டார் இல்லை, என் கேமராவுக்குள்ளும் மோட்டார் இல்லை. அதனால் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும். சரியாக வந்தால் உள்ளே ஒரு சின்னப் புள்ளி எரியும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தொல்லை என்று பலர் ஒதுக்குவார்கள். எனக்கு அந்தத் தொல்லையே பிடித்துப்போனது. திருகித் திருகி ஒரு கண் தெளியும்வரை எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். பேசப் பேச அவர் விறைப்பு விட்டுப்போகும்.

எங்கள் பக்கம் ரப்பர் மரம் அதிகம். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். அந்த வெளிச்சத்தில், கேமராவோடு வந்த 18–55 லென்ஸ் தடுமாறும். இந்த 1.8 அதைவிட 9 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். கத்தி பட்டையைச் சீவுகிறதும், பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் விழுகிறதும், வெட்டுகிறவரின் கன்னத்தில் அந்த வெள்ளை ஏறி இறங்குகிறதும் படத்தில் வந்துவிடும். முதல்முறை அது வந்தபோது நான் தோட்டத்துக்குள்ளேயே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

கறுப்பு முகத்தை எடுப்பதில் ஒரு பாடம் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி உலகம் முழுவதும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிறது. சுண்ணாம்படித்த கோயில் சுவருக்கு முன்னால் எங்க சித்தியை நிறுத்தினால், சுவரின் வெள்ளையைப் பார்த்துப் பயந்து ஒளியைக் குறைத்துவிடும். சித்தியின் முகம் இருட்டில் போய்விடும். அங்கே ஒளியைக் கூட்ட வேண்டும். அதே முகத்தைச் சட்டம் நிறைய எடுத்தால், ‘இவ்வளவு கறுப்பா?’ என்று ஒளியைக் கூட்டி வெளுக்க வைக்கும். அங்கே குறைக்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்து அதை அழுத்துகிறவர் ஆள்தான்.

இது கருவியின் குணம் மட்டும் இல்லை. கோடாக் கம்பெனி வண்ணப் படங்களின் நிறம் சரிபார்க்க 1950கள் முதல் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் சரியாக வரவில்லை என்பது பல வருசமாகக் கம்பெனிக்கு ஒரு குறையாகவே படவில்லை. இன்றைக்குச் சில கைபேசிகள் கேட்காமலே முகத்தை வெளுத்து, மழமழவென்று ஆக்கிக் கொடுக்கின்றன. பாட்டியின் படத்துக்கு ஸ்டுடியோக்காரர் செய்ததை இப்போது பைக்குள் இருக்கிற கருவியே செய்கிறது. என் பழைய கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது.

சித்தியின் படத்தை அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பிள்ளே, எனக்க மோறு இப்படியாக்கும் இருக்கா? கொள்ளாமே!”

அவளுக்கு 60 வயசு. தன் கறுப்பைப் பார்த்து நல்லாயிருக்கு என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இயக்கத் தோழர் ஒருவருக்கு இதில் சம்மதம் இல்லை. “ஊரெல்லாம் எரியுது, நீங்க தும்பியப் படம் பிடிச்சிட்டு இருக்கிய” என்றார். உண்மை அறியும் குழுக்களில் இதே கேமராவோடுதான் நானும் போகிறேன். எரிந்த ஓட்டையும் உடைந்த பானையையும் எடுக்கிறேன். அது வேண்டும். ஆனால் எங்களிடம் சாட்சிப் படங்கள் மட்டுமே மிஞ்சினால், நாளைக்கு வரும் பிள்ளைகள் தங்கள் பாட்டன் பூட்டனைச் சாவுகளாகவும் காயங்களாகவும் மட்டுமே அறிவார்கள். ஆற்றில் குதித்த பையன்களையும், கிறிஸ்துமஸ் ராத்திரி நட்சத்திரம் கட்டிய கைகளையும், தலைக்குப் பூ வைத்த கிழவியையும் யார் வைத்திருப்பார்கள்?

அந்தத் தோழருக்கு நான் சொன்ன பெயர் கார்டன் பார்க்ஸ் (1912–2006). அமெரிக்கக் கறுப்பர், ரயிலில் பரிமாறும் வேலை பார்த்தவர். ஒரு பத்திரிகையில் இடம்பெயர்ந்த ஏழை விவசாயிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, சியாட்டில் நகரத்தில் ஒரு அடகுக்கடையில் ‘வாய்க்ட்லண்டர் பிரில்லியன்ட்’ என்ற கேமராவை வாங்கினார். 1942இல் வாஷிங்டனில், எல்லா வாட்சன் என்ற துப்புரவுப் பணிப்பெண்ணைத் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். அந்த ஒரு படம் பல புத்தகம் பேசுகிறதைப் பேசும். கேமராவை ஆயுதம் என்றே சொன்னவர் அவர். அதே மனிதர் ‘வோக்’ பத்திரிகைக்கு அழகழகான உடைகளையும் எடுத்தார். ஆயுதம் பிடித்த கைக்கு அழகு விலக்கில்லை.

நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறார். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான எம். பழனிக்குமார், 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழிச் சாவுகளைத் தொடர்ந்து படமெடுத்தவர். தன் அம்மாவையும் எடுத்தார், உழைக்கிற சனங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவையும் கற்றுக்கொடுத்தார். சாவை எடுத்த கை பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே வேலைதான்.

திருவட்டாறு என்று தேடினால் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வரும். 418 வருசத்துக்குப் பிறகு 2022 ஜூலை 6இல் நடந்த குடமுழுக்கு வரும். 1936 நவம்பர் 12 வரைக்கும் எங்களுக்குத் திறக்காத வாசல் என்பது அந்தப் படங்களில் தெரியாது. மாத்தூர் தொட்டிப்பாலம் வரும். 1966இல் கட்டியது, நூறடிக்கு மேல் உயரம். கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் முகம் வராது. நான் அவற்றை எடுப்பதில்லை என்றில்லை, எடுக்கிறேன். தொட்டிப்பாலத்தின் தூண்கள் சாயங்கால வெயிலில் நல்ல அழகு. ஆனால் என் அட்டையில் அதற்கு அடுத்த படம் எங்கள் தெருவாக இருக்கும்.

எங்கள் குடியிருப்புகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கல்யாணப் படக்காரர்களிடம் பழைய கேமரா தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்துகூட வாங்கலாம். ஆளிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். எடுத்ததைக் கணினியில் பூட்டாமல் அச்சுப்போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். பின்பக்கம் பேரும் ஊரும் தேதியும் எழுதுங்கள், சாதியை எழுதாதீர்கள். மீதியெல்லாம் உங்கள் இஷ்டம். தும்பியை எடுங்கள், மழையை எடுங்கள், ஒன்றுமே எடுக்காமல் சும்மா நடந்துவிட்டும் வாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது.