போறதுக்குள்ள ஒரு வார்த்தை

ஐயம்பேட்டை என்று சொன்னால் பாதிப் பேர் “தஞ்சாவூர்ப் பக்கமா?” என்று கேட்பார்கள். இல்லை. அங்கேயும் பட்டுத்தறி உண்டு. தில்லுமுல்லுக்கு ‘ஐயம்பேட்டை வேலை’ என்று பேர் வந்ததும் அந்தச் சீமையில்தான். எங்கள் தலையில் அதைக் கட்டவேண்டாம். எங்கள் ஐயம்பேட்டை காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டி, வாலாஜாபாத் வருவதற்கு முன்னால் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டால் ஊர் தாண்டிவிடும்.

நான் பிறந்து வளர்ந்த தெருவில் “எப்படி இருக்கீங்க?” என்று யாரும் யாரையும் கேட்டு நான் கேட்டதில்லை. “இன்னா, தறி ஓடுதா?” என்பார்கள். தறி ஓடினால் உடம்பு, மனசு, அடுப்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த கேள்வி, “உடல்ல இருக்கியா, முந்திக்கு வந்துட்டியா?” புடவை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து, அந்த வீட்டில் எத்தனை நாளில் கூலி கைக்கு வரும், மளிகைக் கடை பாக்கி எப்போது தீரும் என்று கேட்டவர் கணக்குப் போட்டுக்கொள்வார். கணக்கு முடிந்தாலும் போகமாட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும். தறி வீட்டின் முன்பக்கத்தில் இருக்கும். தரையில் குழி தோண்டி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பெரியப்பா. வெளிச்சத்துக்காக ஜன்னல் தாழ வைத்திருக்கும். அவர் பார்வைக்குத் தெருவில் போகிறவர்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். நடையையும் வேட்டிக் கரையையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். “இன்னா மாமா, பேசாம போறீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் போகும். அந்தக் கால்கள் நின்று, திரும்பி, மடங்கி, ஜன்னலில் ஒரு முகம் வந்து சேரும். காலை முதல் இருட்டும் வரை குழியை விட்டு எழ முடியாத மனுஷருக்கு ஊர் இப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தது.

விடிவதற்கு முன்னால் நடப்பது வேறு கச்சேரி. பாவு போடுகிற நாளென்றால் நாலு மணிக்கே தெரு எழுந்துவிடும். மூன்று புடவைக்கான பாவு, அறுபது எழுபது அடி நீளம். வீட்டுக்குள் எங்கே விரிப்பது? தெருதான் கூடம். இரண்டு கோடியிலும் கம்பு நட்டு, நடுவில் முட்டுக் கொடுத்து, அரிசிக் கஞ்சியில் தோய்த்த பட்டிழைகளை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அறுந்த இழைகளையெல்லாம் தேடிப் பிடித்து ஒட்டவேண்டும். பாவுக்காரர் ஒருவரால் ஆகிற காரியமில்லை. அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பாவின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். இதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு.

என் அத்தை இழை ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அறுந்த முனை கண்ணுக்குத் தெரியாது. விரலால் பாவின் மேல் தடவிக்கொண்டே போவாள், ஓரிடத்தில் நிற்பாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஈரம் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு விழுந்த மாதிரியே இருக்காது. அந்தத் திருகு நடக்கிற நொடியில் மட்டும் பேச்சு நிற்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். “அப்புறம், அந்தப் பொண்ணு வூட்ல இன்னா சொன்னாங்க?” எதிர்ப்பக்கம் நிற்பவர் பாவுக்கு மேலாகப் பதில் சொல்வார். குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். ஆனால் அறுபதடி நீளத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கோடியில் பெண் பார்க்கப் போனதாகக் கிளம்பிய சங்கதி அந்தக் கோடியைத் தொடும்போது தேதி குறித்தாகியிருக்கும். நடுவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாவுக்கடியில் குனிந்து வருவார். குனிந்தவர் நிமிர்ந்ததும் அவரையும் ஒரு கேள்வி பிடித்துக்கொள்ளும்.

கோர்வைப் புடவை நெய்கிற வீட்டில் பேச்சு ஒரு தொழில் தேவை என்றே சொல்வேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் தனித்தனி நாடாவில் வரும்; இரண்டும் சேருகிற கோட்டில் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளவேண்டும். புடவை கிழிந்தாலும் கரை கழலாது என்று கடைக்காரர்கள் சொல்லி விற்பது இந்தச் சேர்மானத்தை நம்பித்தான். இதை ஒருவர் நெய்ய முடியாது. நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தள்ளவேண்டும். கோர்வை தள்ளுவது என்போம். எங்கள் பெரியப்பாவுக்குப் பெரியம்மா. பள்ளிக்கூட லீவில் நான்.

ஒரு புடவைக்குப் பதினைந்து நாள், இருபது நாள், அந்த இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கவேண்டும். பேசாமல் எப்படி இருப்பது? பலகை அடிக்கிற அடிக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் பேசப் பழகியிருந்தார்கள். நாலு சொல், ஒரு அடி. நாலு சொல், ஒரு அடி. பெரியம்மாவை வெளியூர்க் கல்யாணத்தில் பார்த்தாலும் அப்படித்தான் பேசுவாள். தறியில்லாத இடத்திலும் நாலு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துவாள். இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டால் தறிச் சத்தத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். பலகை விடாமல் விழுந்துகொண்டே இருக்கும், நடுவில் சொல்லுக்கு இடமில்லாமல்.

கோர்வை தள்ளிய எல்லாரும் வீட்டு மனிதர்கள் இல்லை. எதிர் வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் வெளியூரிலிருந்து வந்து தள்ளினான். அவன் அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். அது கழிகிற வரை அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது ஓய வருஷங்கள் ஆயின. அவனுக்குக் கதை தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. சினிமா, பேய், அரசியல், யார் வீட்டில் என்ன கடன், எல்லாம் நெசவாளர் பேசப் பேசக் கேட்டது. நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவன் பெரியவர்களின் பேச்சை மட்டும் படித்தான். அந்தத் தெருவின் பேச்சை இவ்வளவு இனிப்பாக நினைக்கும்போதெல்லாம் அவன் முகம் வந்து நடுவில் நிற்கும்.

மத்தியானம் திண்ணை பெண்களுடையது. ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே பேசுவார்கள். கை சுற்றுகிற வரை பேச்சுக்கு யாரும் குறை சொல்ல முடியாது. அது வேலை நேரம். பேச்சில் பெரிய விஷயம் ஏதும் இருக்காது. வத்தக்குழம்பில் புளி தூக்கல், மருமகள் தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு படுத்தது, பெங்களூர்ப் பட்டு விலை ஏறியது. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு ஆங்கில வருஷமும் தெரியாது, தமிழ் வருஷமும் தெரியாது. அவளுக்குக் காலக் கணக்கு அத்தி வரதர். காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் குளத்துக்குள் இருக்கிற அத்தி மரப் பெருமாள் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து நாற்பத்தெட்டு நாள் சேவை சாதிப்பார். 1979-இல் வந்தார், நான் அப்பா தோள்மேல் இருந்து பார்த்ததாகச் சொல்வார்கள். “வரதர் உள்ள போன மறு வருசம் இவன் பொறந்தான்”, “வரதர் வர்றதுக்கு ரெண்டு தீவாளி முன்ன இந்த வூடு கட்டனது” என்று ஆயா எல்லாவற்றையும் அதற்கு முன், அதற்குப் பின் என்று அடுக்கிவைத்திருந்தாள். 2019-இல் அவர் மறுபடி வந்து ஊரே ஜனக்கடலானபோது ஆயா இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது மாலினோவ்ஸ்கியைப் பற்றி வாசித்தேன். நியூகினிக்குப் பக்கத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் இருந்து ஆராய்ந்தவர். சேதி சொல்வதற்காக இல்லாமல், சேர்ந்திருப்பதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சுக்கு 1923-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தனிப் பெயரே வைத்தார். வாசித்ததும் எனக்கு ஆயாவின் “சாப்டியா?”தான் ஞாபகம் வந்தது. எதிரில் கை கழுவிக்கொண்டு நிற்பவனைப் பார்த்தும் “சாப்டியா?” என்பாள். சாப்பிட்டுவிட்டான் என்று தெரியாதா அவளுக்கு?

சாயங்காலம் டீக்கடை. அங்கே அரசியல்தான். அண்ணா பிறந்த மண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்துகொண்டு வேறென்ன பேசுவது? 1962 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்திலேயே தோற்றது இருபது வருஷம் கழித்தும் அந்தப் பெஞ்சில் முந்தாநாள் சமாசாரமாக ஓடிக்கொண்டிருந்தது. தோற்கடித்தவர் பஸ் முதலாளி நடேச முதலியார். ஒவ்வொரு தடவையும் ஒருவர் “அன்னிக்கு மட்டும்…” என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் “அட வுடுப்பா, அறுவத்தேழுல ஆட்சியே வந்துச்சி இல்ல” என்று முடிப்பார். தினம் அதே பேச்சு, அதே முடிவு. தெரிந்த பாட்டை மறுபடி கேட்கிற சுகம் அதில் இருந்திருக்கவேண்டும். டீ ஆறிப்போகும், யாருக்கும் கவலையில்லை.

இதெல்லாம் ஒன்றுசேருகிற நாள் மாட்டுப் பொங்கல். வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் மலைக்குப் போவார். போகிற வழியில் ஊர் ஊராக மண்டகப்படி. எங்கள் ஊரிலும் நிற்பார். தறியில் யாரும் இருக்கமாட்டார்கள். வாலாஜாபாத் தாண்டிச் சீவரம் வரை கூடவே போய், அங்கிருந்து பாலாற்று மணலைக் கடந்து திருமுக்கூடல் போகிறவர்கள் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். சுற்றுவட்டப் பெருமாள்களும் வந்து சேர்வார்கள். சாமிகள் சந்தித்துக்கொள்கிற திருவிழா என்று பேர். எனக்கென்னவோ சம்பந்திகள் சந்தித்துக்கொள்கிற திருவிழாவாகத்தான் பட்டது. திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து ஆஸ்பத்திரியின் கணக்கு கல்வெட்டாக இருக்கிறது. பதினைந்து படுக்கை, வைத்தியர், சத்திரசிகிச்சை செய்பவர், மருந்துப் பெயர்கள் எல்லாம் அதில் உண்டென்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சுவர் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேச நல்ல நிழல்.

எல்லாப் பேச்சும் இனித்ததா என்றால் இல்லை. ஒரு சுவர் தள்ளி அடுத்த தறி. எதையும் மறைக்க முடியாது. ஒருமுறை அப்பா கொண்டுபோன புடவையில் கறை இருப்பதாகச் சொல்லி, வாங்கியவர் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அப்பா வீடு வந்து சேருவதற்குள் அந்தச் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. அன்று ஜன்னலில் வந்து நின்ற முகங்கள் ஆறுதலுக்கு வந்தவையா வேடிக்கைக்கு வந்தவையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். எங்கள் வீட்டு ஜன்னல் பகலில் சாத்தியிருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பாவு ஈரம் குடித்துத் தளரும், தறி நிற்கும். பேசுவதற்கு நாள் முழுக்க நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நாட்களில் யாரும் சரியாகப் பேசியதில்லை. திண்ணையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். கை ஓடினால்தான் வாயும் ஓடும் எங்கள் ஆட்களுக்கு.

பிறகு விசைத்தறி வந்த தெருக்கள் எப்படி ஆயின என்பதும் தெரியும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தவேண்டும். கத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வத்தக்குழம்பைப் பற்றிப் பேசுவது? எங்கள் தெருவில் அதுவும் இல்லை. தறிக்குழிகளை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி வேன்களில் ஏறிப்போகிறார்கள். ஷிப்டு விட்டு வந்தவன் தூங்குவானா, திண்ணையில் உட்காருவானா? திண்ணையும் இடித்தாயிற்று, பைக் நிறுத்தவேண்டுமே.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா மட்டும் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம். பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் என் செருப்பைப் பார்த்துத் தலை நிமிர்ந்தாள். “எப்ப வந்தே? சாப்டியா?” இரண்டு மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தேன். வாசல் வரை வந்தாள். “போயிட்டு வரேன் பெரியம்மா.” “சரி, போயிட்டு வா. இந்தா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன்,” என்று என் முழங்கையைப் பிடித்தாள். கேட்டாள். சொன்னேன். மறுபடி போயிட்டு வரேன் சொன்னேன். எதிர் வீட்டு மருமகள் கோலமாவுக் கிண்ணத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள். சாலையில் ஐந்தே முக்கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

“போவட்டும் வுடு. அடுத்த பஸ்… வராமயா பூடும். இவன் யாருன்னு… தெரியுதா உனக்கு? வரதர்… உள்ள போன வருசம் இவங்க அப்பன்…” என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.