நெற்றியைத் தொட்டுப் பார்

பணி ஓய்வு நாளில் சால்வை போர்த்திய நிர்வாக அதிகாரி, "27 வருஷம் ஏசி ரூம்ல உட்கார்ந்து மத்தவங்க தூங்குறதைப் பார்த்தவங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினார். கூட்டம் சிரித்தது. நான் கைகூப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அந்த ஏசி யாருக்காக, எதற்காக என்று இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், "தலைக்குக் குளிச்சு, எண்ணெய் வைக்காம வாங்க" என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுவோம். ஆனாலும் பாதிப் பேர் படிய வாரி, எண்ணெய் மின்ன வருவார்கள். மூக்குத் தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை டேப்பால் அளந்து, 10, 20 சதவீதக் கணக்கில் புள்ளி வைத்து, முடியை விலக்கி, தோலைத் தேய்த்து, மூளை அலையைப் பதியும் வயர்களைப் பேஸ்ட் வைத்து ஒட்ட வேண்டும். வயர் தோலில் பிடித்திருப்பதைக் காட்டும் மின்தடை, இம்பிடன்ஸ், 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை நான் விட்டதில்லை. எண்ணெய்த் தலையில் முன்பக்கம் எஃப்-4 புள்ளியில் இறங்கினால் பின்பக்கம் ஓ-2 புள்ளியில் ஏறிக்கொள்ளும். முதலில் இருந்து தொடங்குவேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா அலைகளைக் காகிதத்தில் வரையும் இயந்திரத்தில் பழகியவர். நொடிக்கு 10 மில்லிமீட்டர் ஓட்டம், 30 நொடிக்கு ஒரு தாள். ஏழு மணி நேரப் பதிவுக்கு 840 தாள்கள். ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் 1968-இல் வகுத்த விதிப்படி ஒவ்வொன்றிலும் தூக்கத்தின் நிலையைப் பென்சிலால் குறித்த கை அது.

நான் சேர்ந்த புதிதில், ஒரு மே மாத இரவு. படுத்திருந்தவர் லாரி ஓட்டுநர், கனத்த உடம்பு. திரை முழுக்கப் பெரிய பெரிய மெதுவான அலைகள். ஆழ்தூக்கம் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போனேன். அக்கா பார்த்தார். திட்டவில்லை. "எந்திரி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "நெத்தியைத் தொட்டுப் பாரு." தொட்டேன். சொதசொதவென்று ஈரம். "இது தூக்கம் போட்ட அலை இல்லம்மா, வேர்வை போட்ட அலை" என்றார். ஏசியில் குளிரைக் கூட்டி, வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பெரிய அலைகள் அடங்கின. அடியில் தெரிந்தது வேறு தூக்கம்: மேலோட்டமானது, மூச்சு அடைபட்டு அடைபட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோனது. மூச்சுக்குப் போராடுகிறவருக்கு வேர்க்காமல் என்ன செய்யும்?

நிஜமான ஆழ்தூக்க அலை நெற்றிப் பக்கம் ஓங்கி நிற்கும். வேர்வை அலை தலையணையில் அழுந்திய பக்கம் கனக்கும், மூச்சோடு சேர்ந்து ஆடும். இந்த வித்தியாசம் கண்ணில் படிய எனக்கு இரண்டு கோடைக்காலம் பிடித்தது.

இப்போது மென்பொருள் சில நிமிடங்களில் இரவு முழுவதையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. அது தந்ததைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்க்காமல் மருத்துவரின் கையெழுத்துக்கு அனுப்புவதுதான் தவறு. வீட்டுக்கே அனுப்பும் சிறு பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் தலைக்கு வயரே கிடையாது. ஆள் எப்போது தூங்கினார் என்பது பெட்டிக்குத் தெரியாது. எட்டு மணி நேரப் பதிவில் 72 முறை மூச்சுத் தடை என்றால் மணிக்கு 9, 'லேசானது' என்று எழுதிவிடும். அந்த மனிதர் நான்கு மணி நேரம் புரண்டுகொண்டே விழித்திருந்தால்? தூங்கிய மணிக்குக் கணக்கிட்டால் 18. மணிக்கு 15-ஐத் தாண்டினால் நடுத்தர நோய். வயரை ஒட்டச் சோம்பியதால் ஒருவருடைய நோய் பாதியாகிவிடுகிறது.

தாடை வயரும் அப்படித்தான். கனவு வரும் ரெம் தூக்கத்தில் தாடைத் தசை தளர்ந்து கிடக்க வேண்டும். தளராமல் துடித்தால், கனவில் கை ஓங்கி மனைவியை அடித்துவிடும் பெரியவருக்குப் பேய் பிடிக்கவில்லை, ரெம் நடத்தைக் கோளாறு என்று தெரியும். பின்னாளில் வரக்கூடிய பார்க்கின்சன் நோய்க்கு அது முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அந்த வயர் இரவில் கழன்றால் எழுந்துபோய் ஒட்ட இன்று ஆளில்லை.

என் கடைசி இரவுப் பணியைச் சொல்லி முடிக்கிறேன். மின்சாரச் செலவைக் குறைக்க ஏசியை 26-க்குக் கீழே வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர், பலத்த குறட்டை. திரையில் மென்பொருள் ஆழ்தூக்கம், ஆழ்தூக்கம் என்று எழுதிக்கொண்டே போனது. "இந்த வயசுல, இந்தக் குறட்டையில இவ்வளவா? நெத்தியைத் தொட்டுப் பாரு தம்பி" என்றேன். "அதெல்லாம் ஃபில்டர் பார்த்துக்கும் மேடம்" என்றான் உடன் பணியிலிருந்த பையன், நாற்காலியை விட்டு எழாமல்.

நான் எழுந்து போனேன். நெற்றி நனைந்திருந்தது. துண்டால் ஒற்றிவிட்டு, ஏசியை 22-க்கு இறக்கினேன்.