ஓரம் கறுத்த படங்கள்

மயிலாப்பூர் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்த டார்க் ரூம். கதவைத் திறந்ததும் ஹைப்போவின் புளித்த நெடி மூக்கில் ஏறியது. பெரியவர் ஒரு வாளியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாதத்துச் சென்னைக் குழாய்த் தண்ணீர் அதற்கு இடம் தராது. வாளிக்குள் டெவலப்பர் பாட்டிலை இறக்கி, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போன ரோலை அன்று கழுவப் போகிறார். ஹோல்காவில் எடுத்தது. ஹாங்காங்கில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த பிளாஸ்டிக் கேமரா அது. லென்ஸும் ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லைதான். நடுவில் ஓரளவு கூர்மை இருக்கும். விளிம்புக்குப் போகப் போக உருவம் கரையும், மூலைகள் இருண்டுவிடும். பின்மூடி இடுக்கில் வெளிச்சம் கசியும் என்பதால் கறுப்பு டேப் ஒட்டித்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். பிலிமைச் சுற்றுவதற்கும் ஷட்டருக்கும் தொடர்பு கிடையாது. சுற்ற மறந்தால் ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழும்.

விளக்கை அணைத்தார். பிலிம் ரீலில் ஏறும் சரசரப்பு மட்டும் கேட்டது. "கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான், தம்பி. விரலைத்தான் நம்பணும்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

மாலையில் அந்தப் பெண் வந்தாள். சிவப்பு விளக்கின் கீழே தட்டில் படம் எழுந்தது. மீன் விற்கும் அவளுடைய பாட்டி. பாட்டியின் சேலை மேல் காசிமேட்டுப் படகு ஒன்றின் முனை. சுற்ற மறந்திருக்கிறாள். வலது ஓரத்தில் கசிந்த வெளிச்சம் ஒரு கோடு இழுத்திருந்தது.

"அங்கிள், அந்த ஓரத்தை வெட்டிடாதீங்க."

பெரியவர் சிரித்தார். கல்யாணப் படங்களின் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து, மணப்பெண் கன்னத்துப் பருவைக்கூட மறைத்துக் கொடுத்தவர் அவர். "அந்தக் காலத்துல இப்படிக் குடுத்திருந்தா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு" என்றார். ஆனாலும் ஓரத்தை வெட்டாமல் முழுசாகத்தான் பிரிண்ட் போட்டார். பிறகு லென்ஸை வைத்து நெகட்டிவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். காற்றுக் குமிழி ஒட்டி எங்காவது பொட்டு விழுந்திருக்கிறதா என்று தேடுகிறாராம்.

"அந்தக் கோடு கேமரா பண்ணினது, இருக்கட்டும். குமிழி விழுந்தா அது நான் பண்ணினது. அதை மன்னிக்கக் கூடாது."

ஹோல்கா போன்ற பொம்மைக் கேமராக்களின் படங்களைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான பேச்சு இதுதான். குறையே அழகு என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஷட்டர் திறந்து மூடும் அந்தக் கணத்தில் மட்டும்தான் குறைக்கு இடம். அதற்குப் பிறகு சூடு, நேரம், கழுவல் எதிலும் கை தவறக் கூடாது. தவறினால் பாட்டியும் இல்லை, படகும் இல்லை. போன் செயலிகள் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு ஓரம் பூசுகின்றன. இந்த ரோலின் பன்னிரண்டு படங்களிலோ ஒரு கசிவைப் போல இன்னொன்று இல்லை.

ஹோல்காவுக்கு முன்னோடி டயானா. அதுவும் ஹாங்காங் சரக்கு, 1960களில் வந்தது. அமெரிக்கரான நான்சி ரெக்ஸ்ராத் அதை வைத்து எடுத்த படங்களை 1977-இல் 'அயோவா' என்ற பெயரில் புத்தகமாக்கினார். பெரும்பாலான படங்கள் எடுக்கப்பட்டது ஒஹையோவில். சிறுவயதில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த அயோவாதான் அந்த மங்கலில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டி படத்தைக் கையில் வாங்கியபோது அந்தப் பெண்ணின் முகத்திலும் அப்படி ஏதோ தெரிந்தது. "அது இருந்த மாதிரியே இருக்கு" என்றாள். கூர்மையான படத்தைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது பெரியவர் அலமாரியைத் திறந்து பழைய ரோல்களைக் காட்டினார். வீடு காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. ஊட்டித் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிராண்ட் பிலிம்கள் சிலவும் இருந்தன. ஆக்ஃபா கிளிக் கேமராவுக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்தவையாம். சிலவற்றில் இன்னும் உருவம் வருகிறது என்றார்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கேமரா இருந்தால், உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பார்க்கப் பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள். அப்படியே கொண்டுபோய், கழுவத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.