ஆயிரம் கெஜத்துக்குத் தோட்டா அடைப்பது

நெடுந்தூரத் துப்பாக்கி சுடும் பால்மா போட்டி 1876இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் தொடங்கியது. இன்றும் அதே 800, 900, 1000 கெஜம்தான். .308 தோட்டா, குண்டின் எடை 156 கிரெய்னுக்குள். ஆயிரம் கெஜத்தைக் கடக்க அந்தக் குண்டுக்கு ஒன்றரை நொடி பிடிக்கிறது. அதற்குள் முப்பது அடிக்கு மேல் இறங்கிவிடும். இறங்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறங்க வேண்டும். கையால் தோட்டா அடைப்பவரின் உழைப்பெல்லாம் அதற்குத்தான்.

*

வேகம் நொடிக்கு 10 அடி கூடினாலோ குறைந்தாலோ, ஆயிரம் கெஜத்தில் சுமார் 3 அங்குலம் மேலே கீழே போகும். வேகத்தின் திட்ட விலக்கம் 10 அடி என்றால், 20 தோட்டாக்களில் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் 35 அடி இடைவெளி சாதாரணம். உயரத்தில் அது 10 அங்குலம். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10 அங்குலம்தான்; காற்றை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தக் குறை 100 கெஜத்தில் கண்ணுக்கே தெரியாது. அங்கே அழகாக ஒட்டி விழுந்த துளைகளைப் பார்த்து மருந்தளவை முடிவுசெய்வது எனக்குச் சம்மதமில்லை. வேகமானியையும் கேட்க வேண்டும்.

*

மருந்தையும் கிரெய்னில்தான் அளக்கிறோம். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம், குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. இன்றைய தராசுகள் ஒற்றைக் குச்சி மருந்தையும் காட்டிவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் என் கண் பித்தளைக் கூட்டின் கழுத்தின் மேல். சுடச் சுட, திரும்பத் திரும்ப அளவுக்கு அழுத்த அழுத்த, பித்தளை இறுகும். குண்டைப் பிடிக்கும் பிடி கூட்டுக்குக் கூடு மாறும். கழுத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தினால் அந்தப் பிடி மறுபடி ஒன்றுபோல் ஆகும். கூடுகள் ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருப்பதும் முக்கியம்.

*

மருந்து டப்பா மாறினால், பெயர் அதுவே ஆனாலும், அளவைக் குறைத்துக் கீழிருந்து ஏறி வர வேண்டும். கையேட்டின் தொடக்க அளவு, பிறகு சிறு சிறு படிகள். கூட்டின் அடியிலுள்ள பிரைமர் தட்டையானாலோ, போல்ட்டைத் தூக்கக் கை திணறினாலோ, அங்கேயே நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

*

மூன்று குண்டு சுட்டுவிட்டு 'இந்த அளவுதான்' என்று தீர்மானிப்பவர்கள் நிறைய. அதே தோட்டாவை, அதே துப்பாக்கியில், பத்து முறை சுட்டால் துளைகளின் பரவல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். தோட்டா கெடவில்லை, மூன்று துளைகள் முழுச் சேதியையும் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஏழு அளவுகளை மும்மூன்றாகச் சுட்டு, அதில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டே அளவுகளை எடுத்துப் பத்துப் பத்தாகச் சுடுவது மேல்.

*

குழலும் தேய்ந்துகொண்டே வருகிறது. சூடும் அழுத்தமும் தோட்டா அறைக்கு முன்னுள்ள தொண்டையை அரிக்க, புரிகள் குண்டிலிருந்து விலகிப் போகின்றன. குண்டைக் கூட்டில் பொருத்தும் ஆழத்தை அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருக்கிறது. .308 குழல் சில ஆயிரம் சுடுகள் தாங்கும். மருந்து அதிகம் எரிக்கும் 6 மில்லிமீட்டர் வகைகள் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். சோதனைக்குச் சுடும் ஒவ்வொரு குண்டும் போட்டிக்கான ஆயுளிலிருந்து கழிகிறது. அதனால்தான் எதைச் சோதிப்பது என்பதை ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே மேசையில் எழுதி முடித்துவிட வேண்டும் என்கிறேன்.